நெய் போச்சு... ரயிலும் போச்சா?

விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும், இறங்கினால் மகள் வீடு! இப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து சென்னைக்கு எத்தனை தடவை தனியாகப் போய் வந்திருக்கிறேன், இது என்ன பிரமாதம் என்று ஒரு தைரியம். அந்தத் தைரியமெல்லாம் ஐரோப்பாவில் கால் வைத்த முதல் நாளே, அதுவும் மதியத்துக்குள்ளேயே, கரைந்து போகும் என்று யார் கண்டார்கள்?

என் மகள் ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் என்ற ஊரில் இருக்கிறாள். 2023 செப்டம்பரில் அவளுக்கு முப்பத்தைந்தாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம். பார்த்துக்கொள்ள நான் போகாமல் யார் போவார்கள்? எங்கள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ முன்னாலே போ. குழந்தை பிறந்ததும் நான் வரேன்" என்று சொல்லிவிட்டார்.

ஃப்ரைபுர்க் சின்ன ஊர். அங்கே போக முதலில் ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 270 கிலோமீட்டர் ரயிலில் போகவேண்டும். நடுவில் மன்ஹைம் என்ற ஊரில் வண்டி மாறவேண்டும். "கவலைப்படாதீங்க அத்தை, நானே ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன்" என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். இருந்தாலும் என் ரயில் டிக்கெட்டை அச்சடித்து வைத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே அனுப்பியிருந்தார்.

புறப்படும்போது எங்கள் வீட்டுக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் மாப்பிள்ளையின் டெலிபோன் நம்பர், மகளின் நம்பர், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி, "பர்சிலே வை" என்றார். "எல்லாம் செல்போனிலே இருக்கு. இது எதுக்கு?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பதில் கிடைத்தது!

நெய்க்கு வந்த சோதனை

சென்னையில் நடுநிசிக்கு மேல் ஏறினால் பத்து மணி நேரம். அவர்கள் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி பின்னால் (குளிர்காலத்தில் நாலரை மணி). ஆகவே காலை எட்டு மணிக்கு இறங்கியபோது என் உடம்புக்கு மணி பதினொன்றரை. காபிக்குத் தலை இடிக்கிறது, கால் இரண்டும் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கிடக்கிறது.

பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் இரண்டு வரிசை. ஐரோப்பியக்காரர்கள் வரிசை விறுவிறுவென்று நகர்கிறது. நம் வரிசையோ தேர் நிலையிலிருந்து கிளம்பாத மாதிரி நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் கேட்டதெல்லாம் நாலே கேள்விதான். எங்கே தங்கப் போகிறீர்கள்? எத்தனை நாள்? திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா? மருத்துவ இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? காகிதங்களையெல்லாம் ஒரே உறையில் வைத்திருந்ததால் பிழைத்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டியம்மாள் இன்ஷூரன்ஸ் காகிதத்தைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, பாவம், தவித்த தவிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பெட்டிகளை எடுத்து டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, சீருடை அணிந்த ஒரு பெண் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத வாய். "இருக்கு" என்றேன்.

பெட்டி திறந்தது. பருப்புப்பொடி, வடகம், நார்த்தங்காய் ஊறுகாய், பிரசவ லேகியத்துக்காகச் சுக்கு, திப்பிலி, ஓமமெல்லாம் வறுத்து இடித்த பொடி. இவை எதையும் அவர் தொடவில்லை. அப்புறம் துணி சுற்றிய டப்பா வந்தது. ஒரு கிலோ நெய். வெண்ணெய் சேர்த்துச் சேர்த்து, முருங்கைக்கீரை போட்டு நானே காய்ச்சியது.

"மில்க்?" என்றார். "நோ மில்க். கீ!" என்றேன். "கீ ஃப்ரம் மில்க்?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? பாலில்லாமல் நெய் ஏது! அடுத்து, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலைக் கட்டும் வெளியே வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால், மாமிசம், அவற்றில் செய்த பொருள்கள் எதையும் பயணிகள் கொண்டுவரக் கூடாதாம். கோமாரி போன்ற மாட்டு நோய்கள் பரவிவிடும் என்ற பயம். பச்சை இலை, காய், பழம், விதைக்கும் 2019 டிசம்பரிலிருந்து சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. கறிவேப்பிலையில் ஒட்டிவரும் பூச்சி அவர்கள் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்குச் சத்துருவாம். நானே ஒளிக்காமல் காட்டியதால் அபராதம் போடவில்லை. ஆனால் என் நெய் டப்பா குப்பைத் தொட்டிக்குள் 'டப்' என்று விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "நெய்யெல்லாம் வேண்டாம்மா" என்று மகள் போனில் படித்துப் படித்துச் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. குற்றம் யார்மேல்?

வெளியே மாப்பிள்ளை இல்லை

கதவுக்கு வெளியே பூங்கொத்தும் பெயர்ப் பலகையுமாக நிறையப் பேர். மாப்பிள்ளையை மட்டும் காணோம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அதே விமானத்தில் வந்த ஒரு பையனைக் கெஞ்சி, விமான நிலையத்து வைஃபையில் என் போனை இணைக்கச் சொன்னேன். 'டிங் டிங்' என்று செய்திகள் வந்து விழுந்தன.

"அத்தை, இவளுக்கு ராத்திரியிலிருந்து வலி. ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம். என்னால் வர முடியவில்லை, மன்னியுங்கள். டிக்கெட்டில் எல்லாம் இருக்கிறது. 11 மணி வண்டி. ஜாக்கிரதையாக வாருங்கள்."

முப்பத்தைந்து வாரத்தில் வலியா? எனக்குக் கைகால் ஓடவில்லை. கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிடுவதற்குள் போன் கண்ணை மூடிவிட்டது. விமானத்தில் இரவெல்லாம் அதில் படம் பார்த்த லட்சணம்! சார்ஜரோ பெரிய பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே.

சரி, முதலில் ரயிலைப் பிடிப்போம் என்று, ரயில் படம் போட்டிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே போனேன். கீழே இறங்கினால் பிளாட்பாரம். மணி பத்தே முக்கால். அப்பாடா என்று நின்றேன். வண்டிகள் வருகின்றன, போகின்றன. எல்லாம் நம் ஊர் எலெக்ட்ரிக் ட்ரெயின் மாதிரி. பதினொன்று அடித்தது. என் வண்டி வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் டிக்கெட்டை நீட்டினேன். அவள் 'ஐயோ' என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "ராங் ஸ்டேஷன்!" என்றாள்.

ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் ஒன்றல்ல, இரண்டு ரயில் நிலையங்கள்! ஒன்று 1972-ல் திறந்தது. அக்கம்பக்கத்து ஊர் வண்டிகளுக்கு, 1 முதல் 3 வரையான பிளாட்பாரங்கள். மற்றொன்று 1999-ல் திறந்தது. தொலைதூர வேக வண்டிகளுக்கு, 4 முதல் 7 வரை. என் டிக்கெட்டில் 'ஃபெர்ன்' என்று கொட்டை எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. ஜெர்மன் மொழியில் அதற்கு 'தூரம்' என்று அர்த்தமாம். நான் ஏதோ ஃப்ராங்க்ஃபர்ட்டின் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நெய் போச்சு, ரயிலும் போச்சு, அங்கே பெண் வலியில் துடிக்கிறாள். இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு, லிஃப்ட், மேம்பாலம், இன்னொரு எஸ்கலேட்டர் என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன். மூச்சிறைக்க அறிவிப்புப் பலகையை நிமிர்ந்து பார்த்தால், என் வண்டி நம்பருக்கு எதிரே 45 நிமிஷம் தாமதம் என்று போட்டிருக்கிறது!

ஜெர்மன்காரர்கள் ரயிலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கலாம் என்று சின்ன வயசில் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமை இப்போது அவ்வளவாக இல்லை என்று அங்கிருந்தவர்கள் முகத்திலேயே தெரிந்தது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் சமயபுரம் மாரியம்மனுக்கு நன்றி சொன்னேன். 45 நிமிஷம் 70 நிமிஷமாக வளர்ந்தபோது மட்டும் அந்த நன்றியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அங்கே பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. நம் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று பலகையில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். பார்த்து வைத்துக்கொண்டு சரியாக அங்கே போய் நின்றேன். வண்டி வருகிற நேரத்தில் ஒரு அறிவிப்பு. கூட்டம் முழுவதும் எதிர்த் திசையில் ஓடுகிறது. இன்று பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருகின்றனவாம்! எந்தப் பெட்டியானால் என்ன என்று எதிரே வந்து நின்ற கதவில் ஏறிவிட்டேன். ஒரு கல்லூரிப் பையன் கேட்காமலே என் பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தான். என் ஸீட் ஆறு பெட்டி தள்ளி. வண்டி கிளம்பி அரைமணியில் மன்ஹைம் வந்துவிட்டது. நான் அந்த ஸீட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

டிக்கெட் பரிசோதகர் மட்டும் நல்ல வார்த்தை சொன்னார். "இந்த வண்டி தாமதமானதால், மன்ஹைமில் அடுத்து வரும் எந்த வண்டியிலும் இதே டிக்கெட்டில் போகலாம்" என்று பேனாவால் எழுதியும் கொடுத்தார்.

நீல அங்கிப் பெண்மணி

மன்ஹைமில் பிடிக்கவேண்டிய வண்டி ஒரு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டது. அடுத்த வண்டிக்கு நேராகப் பலகையில் ஏதோ சிவப்பு எழுத்து. ரத்தாம்! அதற்கடுத்தது இரண்டரை மணிக்கு மேல். நாக்கு வறண்டு போயிற்று. ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி அவசரமாக வாயில் ஊற்றினேன். 'புஸ்' என்று மூக்கில் ஏறியது. தண்ணீர் இல்லை, கோலி சோடா! அங்கே சும்மா தண்ணீர் என்றால் பாதிக்கு மேல் வாயு அடைத்த தண்ணீர்தான். 'ஸ்டில்' என்று போட்டிருந்தால்தான் நம் தண்ணீர். பாத்ரூம் போகலாமென்றால், காசு போட்டால்தான் கதவு திறக்கிறது. என் கையில் இருப்பதோ ஐம்பது யூரோ நோட்டு. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணீரை அடக்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

யாரோ தோளைத் தொட்டார்கள். நீல நிற மேலங்கி போட்ட, என் வயசு இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அப்படியே. "டாட்டர்... பேபி... ஹாஸ்பிடல்... நோ போன்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மாக்களுக்கு இதற்கு மேல் இலக்கணம் எதற்கு? ஒரு பெட்டியை அவர் இழுத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குள்ளேயே ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்.

அதற்கு 'பான்ஹோஃப்ஸ்மிஷன்' என்று பெயர். ரயில் நிலையத்தில் திண்டாடுகிறவர்களுக்கு உதவும் இடம். 1894-ல் பெர்லினில் தொடங்கினார்களாம். கிராமத்திலிருந்து வேலை தேடிப் பட்டணத்துக்கு ரயிலில் வந்து இறங்கும் இளம் பெண்கள் மோசக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாதே என்று ஆரம்பித்த சேவை. இன்று ஜெர்மனியில் நூறு ஸ்டேஷன்களுக்கு மேல் இருக்கிறது. இரண்டு கிறிஸ்தவ சபைகள் சேர்ந்து நடத்துகின்றன. மதம் எது, ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை. காசும் வாங்குவதில்லை. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள்.

பர்சிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்தேன். எங்கள் வீட்டுக்காரரின் கோழிக்கிறுக்கல் அன்றைக்கு எனக்கு முத்து முத்தாகத் தெரிந்தது. அந்த அம்மாள் மாப்பிள்ளை நம்பரைச் சுழற்றினார். பதில் இல்லை. மகள் நம்பர். மணி அடிக்கிறது, அடிக்கிறது...

"ஹலோ?"

என் பெண்ணின் குரல்!

"அம்மா! எங்கேம்மா இருக்கே? ஏதாவது சாப்பிட்டியா?"

நான் கேட்கவேண்டிய கேள்வியை அவள் கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அழுகைதான் வந்தது. "அழாதேம்மா. வலி காலையிலேயே நின்னு போச்சு. நாலு மணி நேரம் வச்சிருந்து பார்த்துட்டு, குழந்தை நல்லாருக்கு, வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. அவர் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, ஸ்டேஷனிலே வந்து காத்துக்கிட்டிருக்கார்."

அந்த அம்மாள் பேசாமல் ஒரு டம்ளர் சூடான மூலிகைத் தேநீரை என் முன்னால் வைத்தார். உப்பு பிஸ்கட் இரண்டு. அப்படி ஒரு ருசியை நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

பொய் வலி என்றால் என்ன?

என் மகளுக்கு வந்தது பொய் வலி. தலைப்பிரசவக்காரர்களுக்குக் கடைசி மாதங்களில் இது வருவது சகஜம்தான். பொய் வலி ஒழுங்கில்லாமல் வந்து போகும். நேரம் ஆக ஆகக் கூடாது. படுத்தாலோ, கொஞ்சம் நடந்தாலோ, தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி அப்படியல்ல. விட்டு விட்டு ஒரே சீராக வரும், இடைவெளி குறையும், வலுக்கும், என்ன செய்தாலும் நிற்காது.

ஆனால் ஒன்று, இளம் தாய்மார்களே! 37 வாரம் முடிவதற்கு முன் சீரான வலி வந்தால் 'பொய் வலியாக இருக்கும்' என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானம் செய்யாதீர்கள். எந்த மாதமானாலும் உதிரம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும். ராத்திரி என்று பாராமல் மாப்பிள்ளை அழைத்துப் போனதுதான் சரி.

ரசமும் சாதமும்

இரண்டரை மணி வண்டி வந்தது. ஸீட்டும் கிடைத்தது. அதுவரை நான் ஜெர்மனியைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இடது பக்கம் கருங்காடு என்று அவர்கள் சொல்லும் மலைத்தொடர் கூடவே வருகிறது. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், ஓட்டு வீடுகள், ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோபுரம். ஒரு மணிக்குப் போய்ச் சேரவேண்டியவள் நாலு மணிக்குமேல் ஃப்ரைபுர்க்கில் இறங்கினேன். மாப்பிள்ளை பிளாட்பாரத்தில், இரவெல்லாம் தூங்காத கண்ணோடு நின்றுகொண்டிருந்தார். "மன்னிச்சிடுங்க அத்தை" என்றார். "பொண்டாட்டியைப் பார்த்துக்கிட்டீங்களே, அது போதும்" என்றேன்.

வீட்டுக் கதவைத் திறந்தது என் மகள். நிறைவயிறு, பின்னிய தலை, முகத்தில் ஒரு சோர்வு. பிரசவம் பார்க்கப் போனவளுக்கு அவள் மிளகு ரசம் வைத்துச் சாதம் குழைத்து வைத்திருந்தாள். "உட்காரும்மா. முதல்ல சாப்பிடு" என்றாள். தட்டில் சாதத்தின்மேல் மணமாக நெய், ரசத்தில் கறிவேப்பிலை!

"ஏதுடி இது?" என்றேன்.

"இங்கே எல்லாக் கடையிலும் உருக்கின நெய் விக்கிறாங்கம்மா. கறிவேப்பிலை இலங்கைத் தமிழர் கடையிலே கிடைக்கும். அதான் வேண்டாம்னு சொன்னேன்."

எதற்காக அந்தப் பாடுபட்டேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் பணத்தில் பாதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் (ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை என்றால் கால் பங்கு). மாப்பிள்ளை எழுதிப் போட்டார், பணம் வந்தது. லேகியம் கிளற அதில்தான் நெய் வாங்கினேன்.

என்னைப் போலத் தனியாகப் புறப்படும் சகோதரிகளுக்கு

* விசா, இன்ஷூரன்ஸ், திரும்பும் டிக்கெட், தங்கும் விலாசம் எல்லாம் ஒரே உறையில், கைப்பையில் இருக்கட்டும். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவில் புதிய முறை வந்திருக்கிறது. குறுகிய காலத்துக்குப் போகிறவர்களுக்கு நுழையும்போது முகப் படமும் விரல் ரேகையும் எடுக்கிறார்கள். வரிசையில் நிற்க நேரம் ஒதுக்குங்கள்.
* நெய், பால்கோவா, பச்சை இலை, காய் வேண்டாம். பொடி, வடகம் போதும். கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.
* தினசரி மாத்திரைகளும் போன் சார்ஜரும் கைப்பையில்.
* விமானத்தில் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். தண்ணீர் குடியுங்கள். கால் வீக்கம் குறையும்.
* விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவே மூன்று மணியாவது இருக்கட்டும். எந்த ஸ்டேஷன், எந்தப் பிளாட்பாரம் என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
* ஐந்தாறு ஒற்றை யூரோ நாணயம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் நம்பர் எழுதிக் கொடுத்தால் சிரிக்காமல் வாங்கிப் பர்சில் வையுங்கள். என் பர்சில் அது இன்னும் இருக்கிறது. பேத்திக்கு இப்போது இரண்டு வயசு தாண்டிவிட்டது.